டிஸ்க் எங்கே போய் நிற்கும்? கலிஃபோர்னியாவின் நான்கு பூங்காக்களில் ஐந்து நாள்

முதல் நாள்: சான் டியேகோ, மோர்லி ஃபீல்ட்

பால்போவா பூங்காவின் 1,200 ஏக்கரில் அருங்காட்சியகங்களையும் விலங்குக் காட்சிசாலையையும் தேடித்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். வடகிழக்கே மோர்லி ஃபீல்ட் பக்கம் திரும்பினால் முதலில் காதில் விழுவது சங்கிலிச் சத்தம். டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தின் சத்தம்: கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலிகளில் டிஸ்க் எனும் பறக்கும் தட்டு மோதி, அடித்தட்டில் விழும் ஓசை அது. டீ எனப்படும் தொடக்க இடத்தில் நின்று எறிய வேண்டும், விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும், கடைசியில் கூடையில் போட வேண்டும். எத்தனை எறியில் முடித்தோம் என்பதுதான் கணக்கு. ஒரு சுற்றுக்குப் பொதுவாகப் பதினெட்டுக் கூடைகள்.

இந்த ஐந்து நாளும் ஒரே கேள்வியோடு ஆடுவதாகத் திட்டம்: டிஸ்க் எங்கே போய் நிற்கும்? விழும் இடத்தை ஓரளவு எல்லோரும் கணித்துவிடுகிறார்கள். விழுந்த பிறகு அது வழுக்கியோ தத்தியோ உருண்டோ போகும் தூரத்தில்தான் எறிகள் வீணாகின்றன. நான்கு பூங்காக்கள், நான்கு விதமான தரைகள்.

மோர்லி ஃபீல்ட் நகரப் பூங்காவுக்குள் இருந்தாலும் இங்கே ஆடச் சிறு கட்டணம் உண்டு. டிஸ்க் விற்கும் கடையும் மைதானத்திலேயே இருக்கிறது. பயணத்தை இங்கே தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். புதிதாக வருபவர்கள் மூன்று டிஸ்க் வாங்கினால் போதும்: அருகிலிருந்து கூடையில் போட ஒரு பட்டர், நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், நெடுந்தூரத்துக்கு ஒரு ஃபேர்வே டிரைவர். பட்டரின் விளிம்பு மழுங்கலாக, ஒடுங்கலாக இருக்கும்; மெதுவாக, நேராகப் பறக்கும். டிரைவரின் விளிம்பு அகலமாக, கூராக இருக்கும்; காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் கைவேகம் கேட்கும்.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். முதலாவது ஸ்பீட். அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகம் தேவை என்பதைச் சொல்கிறது. நமக்கு எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதை அல்ல. இரண்டாவது கிளைட், எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது டர்ன், வேகமாகப் போகும்போது எந்தப் பக்கம் சாயும் என்பது. நான்காவது ஃபேட், வேகம் குறைந்தபின் எதிர்ப்பக்கம் எவ்வளவு இறங்கும் என்பது. இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் பட்டரில் 2, 3, 0, 1 என்று இருக்கும். டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் மிட்ரேஞ்சில் 5, 4, -1, 1. இன்னோவாவின் லெப்பர்ட் ஃபேர்வே டிரைவரில் 6, 5, -2, 1. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இந்தப் பயணத்தின் நான்கு மைதானங்களையும் முடிக்கலாம்.

12, 13 என்று ஸ்பீட் போட்ட டிஸ்க்கை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கைவேகம் போதாதபோது அதன் டர்ன் வெளிப்படவே படாது, ஃபேட் மட்டும் உடனே வந்துவிடும். கையை விட்டதும் இடப்பக்கம் சரிந்து தரையில் குத்தும். எறிந்தவர் இன்னும் பலமாக எறியப் பார்ப்பார். தோள் வலிதான் மிஞ்சும்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பம்பரம் சொல்லிக்கொடுக்கும். வேகமாகச் சுற்றும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது, வேகம் தளர்ந்ததும் தலை சாய்க்கிறது. டிஸ்க்கும் சுழற்சியால்தான் நிலைக்கிறது. அது வேகம் இழந்து இறங்கும்போது, அதைத் தாங்கும் காற்றின் அழுத்தம் முன்விளிம்புப் பக்கம் நகர்ந்து மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது கால்வட்டம் தள்ளித்தான் சாயும். ஆகவே மூக்கு தூக்கப்பட்ட டிஸ்க் பக்கவாட்டில் சாய்கிறது. வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை மார்பின் குறுக்கே இழுத்து எறிந்தால் டிஸ்க் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும், அதனால் முடிவில் இடப்பக்கம் சாயும். இந்தக் கட்டுரை முழுக்க வலக்கைக் கணக்குத்தான். இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடையில் ஒரு சின்ன விஷயம். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி ஒரு செ.மீ. விட்டத்துக்கு 8.3 கிராம்தான் உச்ச எடை. அதனால்தான் 21.2 செ.மீ. டிஸ்க்குகள் 175, 176 கிராமோடு நின்றுவிடுகின்றன. பட்டர் 170க்கு மேல் இருப்பது நல்லது, காற்றில் அலையாது. டிரைவர் 165 கிராமாக இருந்தால் தொடக்கத்தில் கை எளிதாக வேகம் எடுக்கும்.

மோர்லியின் தரை கெட்டி மண், கோடையில் சுட்ட ஓடு மாதிரி. ஓடைகள் குறைவு, தூரமும் அதிகமில்லை. பார்க்கச் சுலபமாகத் தோன்றும். ஆனால் இடவிளிம்பு தாழ்ந்து வேகமாக வரும் டிஸ்க், குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு போலத் தத்திக்கொண்டு முன்னாலும் இடப்பக்கமுமாகப் பத்து மீட்டர் தாண்டிப் போய்விடும். பறந்தவரை சரியான எறிதான், ஆனாலும் கூடைக்கு வெகுதூரத்தில் நிற்கும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தத்தலைக் கணக்கில் சேர்த்து, கூடைக்கு வலப்பக்கம் பத்து மீட்டர் முன்னால் விழும்படி குறிவைப்பது. இன்னொன்று, டிரைவரை உள்ளே வைத்துவிட்டு 70 மீட்டரையும் பட்டராலேயே எறிவது. பட்டர் மெதுவாக வந்து தட்டையாக இறங்கும், தத்தாது. இரண்டாவது வழியே மேல். இங்கே கூடைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பார்கள், போன முறை கணித்த தத்தல் அடுத்த முறை உதவாது.

டீப் பலகைகளில் தூரம் அடியில்தான் இருக்கும். பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய மீட்டர் வந்துவிடும்: 250 அடி என்றால் சுமார் 75 மீட்டர்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு பிழையை இன்று முன்டீயில் நின்று அரை மணி பார்த்தாலே போதும். டிஸ்க் கிளம்பியதும் மேலே ஏறுகிறது, உச்சியில் ஒரு கணம் நின்றுவிடுகிறது, பிறகு இடப்பக்கம் சரிந்து விழுகிறது. பலம் போதவில்லை என்று தோன்றும்; மூக்கு தூக்கியிருப்பதுதான் காரணம். டிஸ்க்கை உள்ளங்கையின் குறுக்கே பிடித்தால் முன்விளிம்பு தானாக மேலே நோக்கும். முன்கை எலும்பும் டிஸ்க்கின் தளமும் ஒரே கோட்டில் வரும்படி, ஆள்காட்டி விரலின் அடிக்கணுவுக்கும் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள மேட்டுக்கும் இடையே சாய்வாகப் பிடியுங்கள். கட்டைவிரல் மேல்தட்டை அழுத்தட்டும். மணிக்கட்டைச் சற்றே கீழ்நோக்கி வையுங்கள். மார்பு உயரத்தில் நேர்கோட்டில் இழுங்கள். கையை வட்டமாகச் சுற்றி இழுத்தால் எங்கே விடுகிறோம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும்.

கூட்டம் அதிகம். நான்கு பேருக்கு மேல் ஒரு குழுவாகப் போகாதீர்கள். முன்குழு கூடையை விட்டு விலகும்வரை எறியாதீர்கள். பின்னால் வேகமாக வருபவர்களுக்கு வழி விடுங்கள். விதிப்படி ஓர் எறிக்கு 30 விநாடி. அதைக் கடைப்பிடித்தாலே நெரிசல் பாதி தீரும்.

இரண்டாம் நாள்: பாசடினா, ஓக் குரோவ்

சான் டியேகோவிலிருந்து சுமார் 200 கி.மீ. விடியலிலேயே வந்துவிடுவது நல்லது. கோடையில் பத்து மணிக்குமேல் இந்தப் பள்ளத்தாக்கு கொதிக்கும். ஒரு சுற்றுக்குத் தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

ஹஹமோங்னா நீர்ப்பிடிப்புப் பூங்கா என்பது இப்போதைய பெயர். பழைய பெயர் ஓக் குரோவ், ஆட்டக்காரர்கள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். தெற்கே 1920இல் கட்டிய டெவில்ஸ் கேட் அணை. வடக்கே மதிலுக்கு அப்பால் விண்கலங்களை உருவாக்கும் ஜெட் உந்துவிசை ஆய்வகம். நடுவே, ஓக் மரங்களின் கீழே, 1975இல் அமைந்த உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம்.

அதை அமைத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, விளையாட்டுத் தட்டின் முதுகில் வரிவரியாக வளையங்கள் வைத்து அதன் பறத்தலை நிலைப்படுத்தியவர். 1967இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கே முதலில் இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற தகராறு தீரவில்லை. பட்டதைக் கண்ணாலும் காதாலும் உறுதிசெய்ய ஒரு கருவி தேவைப்பட்டது. சங்கிலியும் கூடையும் அப்படித்தான் பிறந்தன. 1977இல் அதற்கும் காப்புரிமை கிடைத்தது. பிடிஜிஏவை 1976இல் தொடங்கியதும் அவரே. இன்று உலகத்தில் எந்தப் பூங்காவில் சங்கிலிச் சத்தம் கேட்டாலும் அதன் மூலம் இந்த மரங்களின் கீழே இருக்கிறது. இந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் ஒரு முறையாவது இங்கே வந்து ஒரு சுற்று ஆட வேண்டும்.

இங்குள்ள ஓக் மரங்கள் உயரமாக வளர்ந்து கிளைப்பவை அல்ல. இடுப்பளவில் பிரிந்து, கிளைகளைத் தரைவரை தாழ்த்தி, குடைபோலப் பரப்பி நிற்கும். இலை சிறியது, முதுகு குவிந்து, ஓரத்தில் முள் இருக்கும். காய்ந்து உதிர்ந்த இலைகள் தரையில் கனமாகப் படிந்திருக்கின்றன. நேற்றைய தத்தல் இங்கே இல்லை, பதிலாக வழுக்கல். தாழ்வாக வரும் டிஸ்க் இலைமெத்தையில் சறுக்கிக்கொண்டே போய், அடுத்த மரத்தின் கீழே, கிளைக்கூண்டுக்குள் நிற்கும். வேர்கள் புடைத்த இடங்களில் திசை மாறித் தெறிக்கவும் செய்யும். ஆகவே இங்கே முதல் எறியில் தூரத்தை விட்டுக்கொடுக்கலாம். வெட்டவெளியில் நிற்கும் 50 மீட்டர் எறி, மரத்துக்கடியில் நிற்கும் 80 மீட்டர் எறியைவிட மதிப்புள்ளது. டிஸ்க் இலைகளுக்கு மேலே உயரத்திலிருந்து, இடவிளிம்பு நன்றாகத் தாழ்ந்த ஹைசர் கோணத்தில் செங்குத்தாக இறங்கினால் இலையைக் குத்திக்கொண்டு அங்கேயே நிற்கும். எறியும்போது தோளையும் இடுப்பையும் சேர்த்துக் குனிந்து இந்தக் கோணத்தை உண்டாக்குங்கள்; மணிக்கட்டை மட்டும் முறுக்கினால் கோணம் கையை விடும்போது மாறிவிடும்.

மரத்தடியில் மாட்டியபின் நிற்கும் விதி முக்கியம். கிடக்கும் டிஸ்க்கையே குறியாக வைக்கலாம், அல்லது அதன் முன்விளிம்பைத் தொட்டபடி சிறிய மார்க்கரை வைத்துவிட்டு டிஸ்க்கை எடுக்கலாம். குறிக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் கொண்ட ஒரு செவ்வகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எறியும் கணத்தில் உடலின் ஏதாவது ஒரு பகுதி, காலோ முழங்காலோ, அதற்குள் தரையைத் தொட வேண்டும். வேறெந்தப் பகுதியும் குறியைவிடக் கூடைக்கு நெருக்கமாகத் தரையைத் தொடக்கூடாது. முழங்காலிட்டு எறிவது இங்கே அடிக்கடி உதவும். தாழ்ந்த கிளைக்குக் கீழே ஒரு ஜன்னல் கிடைக்கும்.

கிளையை ஒடிக்கவோ பின்னால் தள்ளிப் பிடிக்கவோ அனுமதி இல்லை. மிகக் குறைவாக அசையும்படி நிற்கும் நிலையைத் தேர்ந்து நிற்க வேண்டும். எறியும் வீச்சில் தற்செயலாகக் கிளை அசைந்தால் தவறில்லை. கால் வைக்கும் இடத்தில் கிடக்கும் உதிர்ந்த சுள்ளியையும் இலையையும் ஒதுக்கலாம்.

வெளியே வருவதற்கு மிகப் பெரிய இடைவெளி எது என்று மட்டும் பாருங்கள், அது கூடைக்குப் பக்கவாட்டில் இருந்தாலும் சரி. கூடை தெரியும் சின்னச் சந்துக்குள் டிஸ்க்கை நுழைக்கப் பார்த்துக் கிளையில் அடித்துக்கொண்டு, அதே கூண்டுக்குள் மூன்று எறி செலவழிப்பவர்களே அதிகம்.

இலைக்குள் கைவிட்டு டிஸ்க்கைத் துழாவாதீர்கள். இது கிலுகிலுப்பைப் பாம்புகள் வாழும் இடம். முதலில் நீண்ட குச்சியால் இலையை விலக்குங்கள். குதிரைகளுக்கும் இங்கே பாதை உண்டு. குதிரை வருவதைக் கண்டால் எறியாமல், டிஸ்க்கை உடலோடு ஒட்டிப் பிடித்தபடி நில்லுங்கள். திடீரென்று பறக்கும் பொருள் குதிரையை மிரட்டும், மேலே ஆள் இருக்கிறார்.

மூன்றாம் நாள்: வழியில்

பாசடினாவிலிருந்து சாண்டா குரூஸ் சுமார் 560 கி.மீ. இன்று மைதானம் இல்லை. வண்டியில் வெயில் படும் இடத்தில் டிஸ்க்கை விட்டுவிடாதீர்கள், விளிம்பு வளைந்துவிடும். வளைந்ததைத் தட்டையான இடத்தில் கவிழ்த்துவைத்து ஓரளவு சரிசெய்யலாம், முழுதாகச் சரியாகாது.

மாலையில் கிடைத்த ஒரு மணி நேரத்தைப் பட்டிங்குக்கு, அதாவது அருகிலிருந்து கூடையில் போடும் பயிற்சிக்குக் கொடுத்தோம். கூடையிலிருந்து 3, 5, 7, 10 மீட்டரில் நான்கு குறிகள். ஐந்து பட்டர்கள். 3 மீட்டரில் ஐந்தும் விழுந்தால்தான் 5 மீட்டருக்குப் போகலாம். ஐந்தில் மூன்றுக்குக் கீழே போனால் ஒரு குறி பின்வாங்க வேண்டும். 10 மீட்டரை வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த வட்டத்துக்குள் எறிந்ததும் முன்னால் விழக்கூடாது. குறிக்குப் பின்னாலேயே சமநிலையோடு நின்று காட்டிவிட்டுத்தான் அடியெடுக்கலாம்.

கூடைத் தட்டின் விளிம்பு தரையிலிருந்து சுமார் 82 செ.மீ. உயரம். குறி எங்கே? நடுக்கம்பத்துக்கு ஒரு விரற்கடை வலப்பக்கம். வலஞ்சுழியாகச் சுற்றும் டிஸ்க் கம்பத்தின் வலப்பக்கமாக நுழைந்தால், கம்பத்தை உரசும் அதன் இடவிளிம்பு முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். உராய்வு அதைப் பிடித்து நிறுத்திக் கம்பத்தின் பக்கம் திருப்பும். இடப்பக்கமாக நுழைந்தால் உரசும் விளிம்பு பின்னோக்கி ஓடுவது. கம்பத்தின்மேல் உருண்டு, சங்கிலியை விலக்கிக்கொண்டு பின்பக்கம் வெளியே போய்விடும். நல்ல பட் வெளியே விழுந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் எந்தப் பக்கம் நுழைந்தது என்று கவனித்தால் பாதிக்குமேல் இடப்பக்கமாக இருக்கும்.

கூடையின் மேல் வளையத்தில் போய் உட்கார்ந்தால் கணக்கில்லை. தட்டிலோ சங்கிலியிலோ தங்க வேண்டும்.

நான்காம் நாள்: சாண்டா குரூஸ், டெலாவியாகா

இந்தப் பயணத்தின் மிகக் கடினமான மைதானமும் எங்களுக்கு மிகப் பிடித்த மைதானமும் இதுதான். நகரப் பூங்காவின் மலைச்சரிவுகளில் 1984இல் அமைந்தது.  எட் ஹெட்ரிக் 2002இல் காலமானது இந்தக் கடற்கரைப் பகுதியில்தான். அவருடைய விருப்பப்படி அவரது சாம்பலைக் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள்.

டெலாவியாகாவில் கூடைகள் சரிவின் விளிம்பில், ஓடையின் தலைமாட்டில், மரவேர்களின் மேல் நிற்கின்றன. இங்கே டிஸ்க் தத்தாது, வழுக்குவதும் குறைவு. உருளும். எட்டு மீட்டரிலிருந்து பட் போட்டு, கூடையின் விளிம்பில் பட்டு, ஓரமாக விழுந்து, சக்கரம்போல் உருண்டு முப்பது மீட்டர் கீழே போய் நிற்கும் டிஸ்க்கை இங்கே ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கலாம். ஓர் எறியில் முடிந்திருக்க வேண்டியது நான்காகிவிடும்.

உருளுவதற்கும் சுழற்சிக்கும் தொடர்பு உண்டு. வலஞ்சுழியில் வலவிளிம்பு பின்னோக்கி ஓடுகிறது. அந்த விளிம்பு தரையைத் தொட்டால் அது வண்டிச் சக்கரம் சுற்றும் திசையேதான், உடனே முன்னோக்கி உருளத் தொடங்கும். இடவிளிம்பு தொட்டால் சுழற்சி எதிர்த்திசையில் இருப்பதால் தரை அதைத் தடுக்கும். ஆகவே சரிவுகளில் வலப்பக்கம் கவிழ்ந்து இறங்கும் அன்ஹைசர் எறி மிக ஆபத்தானது. பொதுவாக, டிஸ்க்கின் தளமும் சரிவின் தளமும் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும்படி மெதுவாக இறக்குங்கள். குறுக்கே வெட்டும் கோணத்தில் வந்தால் எழுந்து நின்றுவிடும். எழுந்து நின்ற டிஸ்க்குக்குச் சரிவில் போக ஒரே வழிதான்.

அணுகும் எறியை எங்கே நிறுத்துவது என்பதை டீயிலேயே முடிவுசெய்யுங்கள். கூடைக்கு மேலே ஐந்து மீட்டரைவிடக் கீழே ஏழு மீட்டர் நல்லது. மேலிருந்து போடும் பட் தவறினால் மிதந்து போய்ச் சரிவின் அடியில் விழும். கீழிருந்து போடுவது தவறினாலும் சரிவில் மூக்கு குத்தி அருகிலேயே நிற்க வாய்ப்பு அதிகம். கீழிருந்து போடும்போது சங்கிலியின் மேல்பகுதியைக் குறிவையுங்கள், ஏறும் பட் நினைப்பதைவிட முன்னதாகவே தாழும். மேலிருந்து போடும்போது தட்டுக்குச் சற்று மேலே, சங்கிலியின் அடிப்பகுதி. பத்து மீட்டருக்கு வெளியே, பின்னால் பள்ளம் என்றால் பட் போடாமல் கூடையின் காலடியில் தட்டையாகக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். இதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள்தான் இங்கே அதிக எண்ணிக்கையோடு திரும்புகிறார்கள்.

27ஆம் டீக்கு ‘உலகத்தின் உச்சி’ என்று பெயர். எதிரே மான்டெரே விரிகுடா விரிந்து கிடக்கும். கூடை 150 மீட்டருக்கும் அதிகமான தொலைவில், வெகு கீழே. இங்கே நிற்பவர் எவரும் பலங்கொண்ட மட்டும் எறியவே ஆசைப்படுவார், அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயங்கள். தொடுவானத்தைப் பார்த்து நேராக விட்டால் கீழ்ச்சரிவோடு ஒப்பிட அது மூக்கு தூக்கிய எறி; மிதந்துவிட்டு இடப்பக்கம் ஓடிவிடும். சரிவுக்கு இணையாகத் தோளையும் கையையும் தாழ்த்தி, கூடையின் உயரத்தை நோக்கி விடுங்கள். இரண்டாவது, கீழே இறங்க நேரம் அதிகம் என்பதால் ஃபேட் முழுவதும் வெளிப்படும். சமதளத்தில் ஐந்து மீட்டர் இடப்பக்கம் போகும் டிஸ்க் இங்கே இருபது மீட்டர் போகலாம். அந்த அளவு வலப்பக்கம் தள்ளிக் குறிவையுங்கள்.

கடற்காற்று எதிரே வந்தால் டிஸ்க்குக்கு அது கூடுதல் வேகம் மாதிரி. டர்ன் பெருகி வலப்பக்கம் கவிழும். லெப்பர்ட் போன்ற டிஸ்க் எதிர்க்காற்றில் தாக்குப்பிடிக்காது. அப்போது டர்ன் 0, ஃபேட் 3 உள்ள ராக் போன்ற பிடிவாதமான மிட்ரேஞ்ச் வேண்டும். பையில் நான்காவதாக ஒன்று சேர்ப்பதானால் அதைச் சேருங்கள். பின்காற்று தூக்காது, அமுக்கும். டிஸ்க் சீக்கிரம் இறங்கும், ஃபேட் முன்னதாக வரும்.

கடைசியாக, விஷ ஓக். பாதையை விட்டு இரண்டடி விலகினால் இருக்கிறது. ஒரு காம்பில் மூன்று இலைகள், நடு இலைக்குக் காம்பு நீளம். கோடை முடிவில் சிவக்கும், குளிர்காலத்தில் வெறுங்குச்சியாக நிற்கும், அப்போதும் அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கைபடாமல் நடந்தவருக்கும் அரிப்பு வருவது ஏன் என்றால், புதருக்குள் போன டிஸ்க்கின் மேல் அந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டு வருகிறது. துடைத்த துண்டுக்குப் போகிறது, துண்டிலிருந்து முகத்துக்கு. நீளக் காற்சட்டை போடுங்கள். புதரில் விழுந்த டிஸ்க்கைத் தனிப் பையில் போடுங்கள். சுற்று முடிந்ததும் டிஸ்க், துண்டு, கை எல்லாவற்றையும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவுங்கள். அரிப்பு தெரிய ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம் என்பதால் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஐந்தாம் நாள்: சான் ஃபிரான்சிஸ்கோ, கோல்டன் கேட் பூங்கா

இந்தப் பூங்கா 1870களிலிருந்து மணல்மேடுகளின் மேல் மரம் நட்டு உருவாக்கியது. இன்று சைப்ரஸ், பைன், யூகலிப்டஸ் எல்லாம் கூரைபோல மூடியிருக்கின்றன. மார்க்ஸ் புல்வெளிக்குப் பக்கத்தில் பதினெட்டுக் கூடைகள், கட்டணம் இல்லை. கோடையிலும் காலையில் மூடுபனி இறங்கி மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்யாமலே எல்லாம் ஈரம்.

நான்கு தரைகளில் டிஸ்க் விழுந்த இடத்திலேயே நிற்பது இங்கேதான். ஈரப் பைன் ஊசிகளும் புல்லும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரச்சினை தரையில் இல்லை, கையில். ஈர விளிம்பு விரலிலிருந்து ஒரு கணம் முன்பே நழுவும். அந்த ஒரு கணத்தில் டிஸ்க் இடப்பக்கம் முப்பது பாகை திரும்பிவிடும். இரண்டு துண்டு கொண்டுவாருங்கள்: ஒன்று சேற்றுக்கு, ஒன்று உலர்ந்த விரலுக்கு, இரண்டாவது பைக்கு உள்ளேயே இருக்கட்டும். பளபளப்பான, விலை கூடிய பிளாஸ்டிக் குளிரில் விறைத்து வழுக்கும். மலிவான மென்பிளாஸ்டிக் பட்டர் இன்று அதைவிட நன்றாகப் பிடிக்கும். டீயில் ஓடிவந்து எறிய வேண்டாம். நின்ற இடத்திலிருந்தோ ஓர் அடி எடுத்துவைத்தோ எறிந்தால் போதும்.

டீக்கும் கூடைக்கும் இடைப்பட்ட ஃபேர்வேகள் மரங்களுக்கு நடுவே சுரங்கப்பாதை மாதிரி போகின்றன. வலப்பக்கம் வளைபவற்றுக்கு ஃபோர்ஹேண்ட் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தத்தவிடும் அதே மணிக்கட்டுதான். நடுவிரலின் வயிற்றுப்பக்கம் உள்விளிம்பில் ஒட்டட்டும், ஆள்காட்டி விரல் அதற்குத் துணை, கட்டைவிரல் மேலே. முழங்கை விலாவுக்கு அருகில், உள்ளங்கை வானத்தை நோக்கி, கடைசியில் ஒரு சுண்டு. டிஸ்க் இடஞ்சுழியாகச் சுற்றும், வலப்பக்கம் இறங்கும். விடும்போது உள்ளங்கை கவிழ்ந்தால் டிஸ்க் ஆடிக்கொண்டே இடப்பக்கம் புரண்டுவிடும். எறி முடிந்தபின்னும் உள்ளங்கை மேலே பார்க்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இந்தச் சுரங்கங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நடைபாதைகள் போகின்றன. குழந்தைகளும் நாய்களும் முதியவர்களும் வரும் பாதைகள். அவர்களுக்கு இங்கே ஓர் ஆட்டம் நடப்பதே தெரியாமல் இருக்கலாம். 175 கிராம் கெட்டிப் பிளாஸ்டிக் பல்லை உடைக்கும். வளைவுக்கு அப்பால் தெரியவில்லை என்றால் குழுவில் ஒருவரை முன்னால் அனுப்பி, அவர் கை உயர்த்திய பிறகு எறியுங்கள். தவறிப் போனால் உடனே ‘ஃபோர்!’ என்று உரக்கக் கத்துங்கள். பாதையில் இருப்பவர் நகரும்வரை காத்திருப்பது ஆட்டத்தின் பகுதி. பூங்கா முதலில் அவர்களுடையது.

டிஸ்க் காணாமல் போவதும் இங்கேதான் அதிகம். பறக்கும்போதே கண்ணை எடுக்காமல், அது மறைந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் இருவர் இரு கோணங்களிலிருந்து குறித்தால் இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் கிடைக்கும். விதிப்படி தேட மூன்று நிமிடம். கிடைக்காவிட்டால் ஓர் எறி தண்டனையோடு, முன்பு எறிந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். பனியிலும் நிழலிலும் பச்சை, கருநீலம், அடர்சிவப்பு கண்ணில் படாது. பளீர் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் படும். அடிப்பக்கம் பெயரும் தொலைபேசி எண்ணும் அழியாத மையால் எழுதியிருக்கட்டும். பிறருடையது கிடைத்தால் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவது இந்த ஆட்டக்காரர்களிடையே வேரூன்றிய வழக்கம்.

பதினெட்டாவது கூடையிலிருந்து எடுத்த டிஸ்க்கைத் துடைக்கும்போது விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். மரத்தில் அடித்த இடங்களில் பிசிறு எழுந்திருக்கும். அடுத்த பட்டில் அது விரலைக் கிழிக்கும், டிஸ்க் கையை விடும் நேரத்தையும் கெடுக்கும். நைசான உப்புத்தாளால் பிசிறை மட்டும் தேய்த்துவிடலாம், விதி அதை அனுமதிக்கிறது. விளிம்பின் வடிவம் மாறும்வரை தேய்க்க மட்டும் அனுமதி இல்லை.